பெல்ட் மாற்றிய வருஷம்

எங்கள் வீட்டில் கார் ஓட்டியவள் என் மனைவி. நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டு போனவன். அவள் போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை. இப்போது அதே காரை நான் ஓட்டுகிறேன். பக்கத்து சீட்டில் கடைக்கு வாங்கிய வெங்காய மூட்டை வருகிறது. அதற்குப் பேச வராது. சிக்னலில் நிற்கும்போதுதான் ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது.

சேலையூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவள் கணக்கு டீச்சர். சிட்லபாக்கத்தில் எனக்கு ஒரு மளிகைக் கடை. தெற்கிலிருந்து வந்தவன் இங்கே மளிகைக் கடை போட்டால் அவனுக்கு அண்ணாச்சி என்று பெயர் விழுந்துவிடும். நானும் அப்படி அண்ணாச்சி ஆனவன்தான். அவளை ஊரே டீச்சர் என்றது. அதைக் கேட்டுக் கேட்டு நானும் வீட்டில் டீச்சர் என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டேன். எங்களுக்குக் குழந்தை இல்லை. முதலில் அது வருத்தமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. பிறகு நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவே நேரம் போதவில்லை.

நான் பத்தாவதோடு நின்றவன். மிச்சப் படிப்பெல்லாம் கடைக்கு வருகிறவர்களின் வாயிலிருந்து படித்ததுதான். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் தினமும் காலையில் பால் வாங்க வருவார். "எப்படி இருக்கீங்க சார்?" என்றால், "ஓடுது அண்ணாச்சி, அவுட்டர் சிக்னல்ல நிறுத்தாத வரைக்கும் நல்லதுதான்" என்பார். ஏரிக்குப் பக்கத்துத் தெருவிலிருந்து வருகிற ஒரு அம்மாவுக்கு முழங்கால் வலி. "கால் இன்னைக்கு லீவு லெட்டர் குடுத்துடுச்சு, சாமானை நீங்களே அனுப்பிடுங்க" என்று போனில் சொல்வார். இதையெல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டு சாயங்காலம் காரில் ஏறியதும் அவளிடம் கொட்டுவேன். அவள் கண்ணை ரோட்டிலிருந்து எடுக்காமல் சிரிப்பாள். "ரோட்டை நான் பாத்துக்கறேன், நீங்க பேசுங்க" என்பாள். எங்கள் இல்லறத்தையே அந்த ஒரு வரியில் அடக்கிவிடலாம்.

கார் விஷயத்தில் அவள் ரொம்பக் கறார். ஆயில் மாற்றுவது, டயருக்குக் காற்று, எதையும் தள்ளிப்போட விடமாட்டாள். அவள் சொல்லித்தான் இன்ஜினுக்குள் டைமிங் பெல்ட் என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியும். இன்ஜினில் மேலே ஒரு தண்டு, கீழே ஒரு தண்டு. இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துச் சுற்ற வேண்டும். அப்படிச் சுற்ற வைப்பது பல் வைத்த ஒரு ரப்பர் பட்டை. அது அறுந்தால் அந்த ஒத்து தப்பி, உள்ளே ஒன்றில் ஒன்று இடித்து எல்லாம் வளைந்துபோகும். எங்கள் வண்டிக்கு அதை இத்தனை கிலோமீட்டர் ஓடியதும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் ஐந்து வருஷத்தில் மாற்ற வேண்டும், எது முந்துகிறதோ அது. "ஓடாத வண்டிக்குக்கூடவா?" என்று ஒருமுறை கேட்டேன். "பிரிக்காத பிஸ்கட் பாக்கெட்டை டேட் முடிஞ்சப்புறம் விப்பீங்களா?" என்றாள். கடைக்காரனிடம் இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா?

போன மழைக்காலத்துக்கு முந்தைய மழைக்காலத்தில் அவளுக்குச் சாப்பாடு இறங்காமல் போனது. வயிற்றில் வலி, முதுகு வரைக்கும் இழுத்தது. அவளே கார் ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். ஸ்கேன் எல்லாம் முடிந்து, அவள் இன்னொரு டெஸ்ட்டுக்கு ரத்தம் கொடுக்கப் போயிருந்த நேரத்தில், டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். கணையத்தில் வந்திருக்கிறது, ஈரல் வரைக்கும் போய்விட்டது, மருந்து கொடுத்து அவளைப் படுத்துவதில் அர்த்தமில்லை, வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார். எவ்வளவு நாள் என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார். மாதங்களில் சொன்னார்.

நான் வெளியே வந்து அவளுடைய அண்ணனுக்குப் போன் செய்தேன். அப்பா இல்லாத வீட்டில் அவளைத் தூக்கி வளர்த்து, படிக்க வைத்து, எனக்குக் கட்டிக் கொடுத்தவர் அவர்தான். மறுநாள் காலையில் பெருங்களத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஆட்டோ பிடித்து நேரே கடைக்கு வந்தார். வீட்டுக்குப் போகவில்லை. என்னை அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"மாப்ளே, அவகிட்ட மூச்சு விடப்படாது. கேட்டீரா? தெரிஞ்சா அந்த நிமிஷமே உடைஞ்சிருவா. அல்சர்னு சொல்லுவோம். வயித்துல புண்ணு, ஆறிரும். நீரும் அதையே சொல்லணும்."

"கேட்டா என்ன சொல்றது மச்சான்?"

"கேக்க விடாதயும்."

எங்கள் பக்கத்தில் எல்லார் வீட்டிலும் இப்படித்தான். வியாதிக்காரருக்கு மட்டும் வியாதியின் பெயரைச் சொல்லமாட்டோம். மற்ற அத்தனை பேருக்கும் தெரியும். இது சரியா தப்பா என்று அன்றைக்கு யோசிக்க எனக்குத் தெம்பு இல்லை. அவளை உடைய விடக்கூடாது, அவ்வளவுதான். தலையை ஆட்டினேன்.

அண்ணன் எங்களோடு தங்கிவிட்டார். காலையில் கஞ்சி வைப்பார், ஹாலில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார், அவள் எழுந்து நடந்தால் பேப்பருக்கு மேலாகப் பார்ப்பார். பள்ளிக்கூடத்தில் அவள் நீண்ட லீவு எழுதிக் கொடுத்தாள். கடைக்கு வருகிறவர்கள், "டீச்சர் சூப்பரா இளைச்சுட்டாங்களே, என்ன டயட்டு?" என்று கேட்டார்கள். நான் அவர்களுக்குச் சில்லறை எண்ணிக் கொடுத்தேன்.

பொங்கலுக்கு முன்னால் ஒரு நாள் அவள் கட்டிலில் சாய்ந்துகொண்டு சொன்னாள்: "ஏங்க, வண்டிக்கு பெல்ட் மாத்தணும். பொங்கலோட அஞ்சு வருஷம் ஆகுது."

வண்டி தெருவில் வேப்பமரத்துக்குக் கீழே உறை போட்டு நின்றது. அவள் அதைத் தொட்டே வாரக்கணக்கு ஆயிற்று. இனி அவள் அதிக நாள் ஓட்டப் போவதில்லை என்று எனக்குத் தெரியும். எனக்கு ஓட்டவே தெரியாது. அப்படியிருக்க யாருக்காக இன்னொரு ஐந்து வருஷத்துக்குப் பெல்ட்? வேண்டாம் என்று சொன்னால் ஏன் வேண்டாம் என்பாள். அப்புறம் பார்க்கலாம் என்றால் அப்புறம் என்றால் எப்போது என்பாள். கணக்கு டீச்சர். ஒரு படியைத் தாண்டிப் போனால் பிடித்துவிடுவாள்.

அதனால் இருக்கிற உற்சாகத்தையெல்லாம் கூட்டிச் சேர்த்து, "மாத்திடுவோம் டீச்சர்! புது பெல்ட்டைப் போட்டுட்டா இன்னும் அஞ்சு வருஷத்துக்கு உனக்குக் கவலையே இல்ல. ஜம்முனு ஓட்டலாம்" என்றேன்.

ஹாலில் பேப்பர் சரசரத்தது. அவள் என்னைப் பார்த்தாள். "சரி, நானே ஓட்டிட்டு வரேன்" என்றாள்.

கேம்ப் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் எங்கள் மெக்கானிக்கின் ஷெட். வாய்க்கு ஓய்வே கொடுக்காதவர். தாம்பரத்திலேயே பிறந்து வளர்ந்தவர். அவள் மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தியதும் ஓடி வந்தார்.

"இன்னா மேடம், ஆளையே காணோம்? அண்ணாச்சி சோறு போடறது இல்லியா? கடையில அம்மாம் அரிசி கீதே!"

"அது விக்கறதுக்கு" என்றாள் அவள்.

மெக்கானிக் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவள் உட்கார்ந்தாள். புடவைத் தலைப்பைத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டாள், மார்கழிக் குளிர் அவ்வளவு இல்லாத நேரத்திலும். மெக்கானிக் மூடியைக் கழற்றி, டார்ச் அடித்து, பெல்ட்டை விரலால் லேசாகத் திருப்பிக் காட்டினார். பல்லுக்கு அடியில் தலைமுடி மாதிரி மெல்லிய வெடிப்புகள்.

"பாத்தியா அண்ணாச்சி? வெளிய இருந்து பாத்தா புதுசு மாரி கீது. சத்தம் கித்தம் ஒண்ணும் வராது. சில வண்டில செயின் இருக்கும், அது போவ சொல்ல கடகடன்னு கத்தும், ஊருக்கே தெரியும். இது கம்முனே இருந்து, கம்முனே பூடும்."

நான் வேறு எங்கேயோ பார்த்தேன். எதிரே ஒரு டீக்கடையில் ஒருவர் பன்னைத் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு அவளிடம் போனார். "மேடம், ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. வண்டிய இன்னும் எத்தினி வருசம் வெச்சிக்கப் போறீங்க? ஏன் கேக்கறேன்னா, சீக்கிரம் குடுத்துடற ஐடியா இருந்தா இத்தத் தொடாதீங்க. அப்டியே வுட்டுடுங்க, வாங்கறவன் மாத்திக்கட்டும். வெச்சிக்கிறதுன்னா இப்பவே மாத்திடணும், நாளைக்கு நாளைக்குன்னு இல்லாம."

எத்தனை வருஷம் வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன். எதையாவது சொல்லி அந்தக் கேள்வியை அங்கிருந்து தள்ளிவிடப் பார்த்தேன். "அதெல்லாம் டீச்சர் இன்னும் பத்து வருஷம்..." என்று ஆரம்பித்தேன்.

"இவரைக் கேளுங்க" என்றாள் அவள். குரலில் ஒன்றும் இல்லை, வகுப்பில் ஒரு பையனை எழுப்பிப் பதில் சொல்லச் சொல்வது மாதிரி. "இவர்தான் வெச்சுக்கப் போறார். இனிமே இவர்தான் ஓட்டணும். இனிமேதான் கத்துக்கணும். நடு ரோட்ல நின்னுச்சுன்னா இவருக்குக் கை கால் ஓடாது. அதனால பெல்ட்டோட, அந்த வாட்டர் பம்ப், பெல்ட் ஓடற உருளை, என்னென்ன உண்டோ எல்லாத்தையும் சேத்து மாத்திடுங்க."

மெக்கானிக் பெரிதாகச் சிரித்தார். "அண்ணாச்சி ஓட்டப் போறாரா? மேடம், முன்னாடியே சொல்லிடுங்க, அன்னிக்கு நான் வூட்ட வுட்டு வெளிய வர மாட்டேன்!"

அவளும் சிரித்தாள். நான் டீ சொல்லிவிட்டு வருகிறேன் என்று ரோட்டைத் தாண்டினேன். டீக்கடைக்காரர் எத்தனை என்று கேட்டார். விரலைக் காட்டினேன். அவளுக்குத் தெரியும். எவ்வளவு நாளாகத் தெரியும்? நாங்கள் ஹாலில் கூடிக் கூடிக் குசுகுசுத்த அத்தனை நாளும், அவள் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தது தூக்கமா, எங்களுக்கு இடம் கொடுத்ததா? கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்து வைத்தார்.

வேலை முடிய சாயங்காலம் ஆகிவிட்டது. நடுவில் அவளை ஆட்டோவில் வீட்டுக்குக் கூட்டிப் போய்ப் படுக்க வைத்து, மறுபடி கூட்டி வந்தேன். நான் தடுத்தும் கேட்காமல் வண்டியை எடுக்க அவளே வந்தாள். அவள் ஓட்டியது அதுதான் கடைசி. வீட்டுக்குத் திரும்பும் தெருவில் திரும்பாமல் நேரே ஏரிக்கரைக்குப் போய் ஓரமாக நிறுத்தினாள். சாயங்கால நடைக்காரர்கள் கையை வீசிக்கொண்டு போனார்கள். அவள் இன்ஜினை அணைக்கவில்லை.

"கேளுங்க, எவ்ளோ நல்லா இருக்கு" என்றாள்.

நான் தலையாட்டினேன்.

"இப்ப அழுதுடுங்க. வீட்ல அண்ணன் இருப்பார். அங்க உங்களால முடியாது."

"எதுக்கு அழணும்? அல்சருக்கு எல்லாம் யாராவது..."

"ஏங்க."

எனக்குப் பொய் தீர்ந்துபோயிருந்தது. டாஷ்போர்டில் தலையை வைத்தேன். அவள் என் முதுகில் கையை வைத்துக்கொண்டு, ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. வெளிச்சம் போய்விட்டிருந்தது.

"எப்படித் தெரியும்?" என்றேன்.

"வலி மாத்திரையும் சத்து மாத்திரையும் மட்டும் குடுத்து அனுப்பறாங்க. குணமாகிற வியாதின்னா டாக்டர் இவ்ளோ கொஞ்சமாவா மருந்து எழுதுவார்?" என்றாள். பிறகு, "அதுக்கு முன்னாடியே தெரியும். அண்ணன் வந்ததிலிருந்து என்னைத் திட்டவே இல்லை. காபியை ஆற வெச்சுக் குடிச்சாக்கூடத் திட்டற மனுஷன்."

"அப்ப அவர்கிட்டயும் சொல்லிடலாம் டீச்சர். எதுக்கு அவர் ஒருத்தர் மட்டும்..."

"வேண்டாம்." வேகமாகச் சொன்னாள். "நீங்க தாங்குவீங்க. உங்களுக்கு என்கூடப் பேசினாப் போதும். அவர் அப்படி இல்ல. அவருக்கு நான் இன்னும் ரெட்டை ஜடை போட்ட பொண்ணு. எனக்கு ஒண்ணும் தெரியாம பாத்துக்கறாரு பாருங்க, அது ஒண்ணுதான் இப்ப அவரால எனக்குச் செய்ய முடியற காரியம். அதையும் பிடுங்கிட்டா அவர்கிட்ட என்ன இருக்கு? கடைசி வரைக்கும் எனக்குத் தெரியாது. சரியா?"

"சரி."

"நான் போனப்புறமும்."

இதற்கு எப்படிச் சரி சொல்வது? ஆனாலும் சொன்னேன்.

மறுநாளே பழகுநர் உரிமத்துக்கு எழுதிப் போட வைத்தாள். அண்ணனுக்கு ஆச்சரியம். "இப்ப எதுக்கு மாப்ளே வண்டி பழகுறீரு, இந்த வயசுல?" என்றார். நான் விழிப்பதற்குள் அவள் படுக்கையிலிருந்தே பதில் சொன்னாள்: "புண்ணு ஆறற வரைக்கும் யாரு அண்ணே ஓட்டறது? சரக்கு எடுக்க இவர் தினம் ஆட்டோவுக்கு அலையறார்." அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார். அவள் என்னைப் பார்த்து ஒரு புருவத்தை உயர்த்தினாள். இவ்வளவு நன்றாகப் பொய் சொல்லத் தெரிந்தவளோடா இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தினேன் என்று இருந்தது.

மாடம்பாக்கம் தாண்டி, மனை போட்டு வீடு வராத ரோடுகள் உண்டு. அவளுடைய பள்ளிக்கூட வேன் டிரைவர் எங்களை அதுவரைக்கும் ஓட்டிக் கொண்டுபோய் விட்டு, ஓரமாக இருந்த ஒரு வேப்பமரத்தடியில் செல்போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அந்த இடத்தில் அவள் எனக்குச் சொல்லிக் கொடுத்தாள். ஓட்டவும், மற்றதும்.

"கிளட்ச்சை மெதுவா விடுங்க. அரிசி மூட்டையா இறக்கறீங்க?"

"விட்டேனே!"

"விட்டீங்க, அது குதிச்சுது. சரி, மறுபடி. என் பட்டுப்புடவை ரெண்டையும் ஸ்கூல் ஆயாம்மாவுக்குக் குடுத்துடுங்க. அவங்க பொண்ணுக்குக் கல்யாணம் வருது. செகண்ட் போடுங்க. கண்ணாடியைப் பாருங்க, என்னைப் பாக்காதீங்க."

அவளைப் பார்க்காமல் எப்படி இருப்பது? ஒவ்வொரு தடவை போகும்போதும் சீட் பெல்ட் அவளுக்குத் தளர்ந்துகொண்டே போனது. ஆனால் சொன்னால் யார் நம்புவார்கள், எங்கள் வாழ்க்கையிலேயே நாங்கள் அதிகம் சிரித்தது அந்த ரோடுகளில்தான். நான் ஒருமுறை ரிவர்ஸில் போய் ஒரு மனையின் எல்லைக்கல்லைச் சாய்த்தேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "வலிக்குது, சிரிக்க வைக்காதீங்க" என்றுகொண்டே சிரித்தாள். வீட்டுக்குத் திரும்பும்போது இரண்டு பேரும் முகத்தைச் சரிசெய்துகொள்வோம். உள்ளே போனதும் அண்ணன், "இன்னைக்கு வலி எப்படிம்மா?" என்பார். "குறைஞ்சிருக்கு அண்ணே" என்பாள். அவர் என்னைப் பார்ப்பார். நான் அவரைப் பார்ப்பேன். அவருக்கு நானும் அவரும் ஒரு கட்சி. அவளுக்கு நானும் அவளும் ஒரு கட்சி. நான் நடுவில் நின்றுகொண்டு இரண்டு பக்கமும் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

மாசி முடியும்போது அவளால் முன் சீட்டில் உட்கார முடியவில்லை. வேண்டாம், போகவேண்டாம் என்றேன். கேட்கவில்லை. பின் சீட்டில் தலையணை போட்டுப் படுத்துக்கொண்டாள். அவள் முகம் எனக்குத் தெரியவில்லை. ரோடு அவளுக்குத் தெரியவில்லை. இன்ஜின் சத்தத்தை வைத்தே சொல்லிக்கொண்டு வந்தாள். "இப்ப கியர் மாத்துங்க... சத்தம் முக்குது பாருங்க... ம். இப்ப சரி." கொஞ்ச தூரம் போனேன். "இன்னும் ஒண்ணு மேல." மாற்றினேன். வண்டி வழுக்கிக்கொண்டு போனது. நான் அன்றைக்குத்தான் முதல்முறையாகத் தடுமாறாமல் ஓட்டினேன். பின்னாலிருந்து சத்தமே இல்லை. பயந்து நிறுத்தித் திரும்பிப் பார்த்தேன்.

"ஏன் நிறுத்தினீங்க?" என்றாள். கன்னம் நனைந்திருந்தது. "நல்லாத்தானே போய்க்கிட்டிருந்தது?"

ஓட்டுநர் தேர்வுக்குப் போன அன்று அவள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். பாஸாகிவிட்டேன். எட்டுப் போட்டுக் காட்டச் சொல்வார்கள் என்று பயந்துகொண்டு போனேன், நேராகப் போகச் சொல்லி நிறுத்தச் சொன்னார்கள், அவ்வளவுதான். கட்டிலுக்குப் பக்கத்தில் போய்ச் சொன்னபோது அவளுக்குக் கண் திறக்கவில்லை. காதில் சொன்னேன். உதடு அசைந்தது. அண்ணன், "என்ன சொன்னா மாப்ளே?" என்று கேட்டார். எனக்கும் கேட்கவில்லை. "தண்ணி கேக்கறா" என்றேன். அவர் ஈரத் துணியால் அவள் உதட்டைத் தொட்டுத் தொட்டு எடுத்தார். "ஆறிரும்மா, ஆறிரும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

இரண்டு நாளில் போய்விட்டாள்.

காரியமெல்லாம் முடிந்து, வந்தவர்கள் போய், கடைசியில் அண்ணனும் ஊருக்குக் கிளம்பினார். ஆட்டோ பிடிக்கிறேன் என்றார். நான் விடவில்லை. அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு பெருங்களத்தூருக்குப் போனேன். ஜி.எஸ்.டி. ரோட்டில் சொல்லிக் கொடுக்க ஆளில்லாமல் நான் ஓட்டியது அதுதான் முதல் தடவை. அவர் மேலே இருக்கிற பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார். ஒரு ஷேர் ஆட்டோ குறுக்கே வந்தபோது அவர் காலால் இல்லாத பிரேக்கை அழுத்தினார். தாம்பரத்தைத் தாண்டியபின்தான் பிடியை விட்டார்.

"நல்லாத்தான் ஓட்டுறீரு" என்றார். வண்டிகள் ஊர்ந்தன. இரும்புலியூர் பக்கத்தில் நின்றபோது தானாகவே ஆரம்பித்தார்.

"ஒரு காரியத்துல மட்டும் நாம ஜெயிச்சுட்டோம் மாப்ளே."

"எதுல மச்சான்?"

"கடைசி வரைக்கும் அவளுக்குத் தெரியல பாத்தீரா? ஆறிரும்னுதான் நெனைச்சிட்டுப் போயிருக்கா. பிள்ளை பயப்படல. அது ஒண்ணு போதும் எனக்கு. ராத்திரி கண்ணை மூடுனா அதை நெனைச்சுத்தான் தூங்குதேன்."

முன்னால் இருந்த லாரி நகர்ந்தது. எனக்கு வண்டி அணைந்துபோனது. மறுபடி சாவியைத் திருப்பினேன். பின்னால் ஹாரன்கள்.

"தெரியாதுல்லா மாப்ளே?" என்றார். இந்தத் தடவை கேள்வியாகவே கேட்டார். முகத்தை என் பக்கம் திருப்பியிருந்தார். தாடி எடுக்காத முகம். அந்த வயசிலும் என்னிடம் ஏதோ கேட்டுக் கையை நீட்டுகிற பிள்ளை மாதிரி இருந்தது.

"ஒண்ணும் தெரியாது மச்சான்" என்றேன். "கடைசி வரைக்கும் அல்சர்னுதான் சொல்லிக்கிட்டிருந்தா. சரியானதும் ஸ்கூலுக்குப் போகணும்னு சொன்னா."

அவர் தோள் துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார். அவள் போனதிலிருந்து அவர் அப்படி அழுது நான் பார்க்கவில்லை. எனக்கும் அழ வந்தது. ஆனால் நான் அழப்போவது வேறு அழுகை. அது அவருக்கு முன்னால் வரக்கூடாது. ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.

பெருங்களத்தூரில் ஜனம் நெருக்கியது. ஒரு போலீஸ்காரர் பானெட்டைத் தட்டி, "இங்க நிறுத்தாத, முன்னாடி போ, முன்னாடி போ" என்றார். அண்ணன் பையை எடுத்துக்கொண்டு அவசரமாக இறங்கினார். திரும்பிக் குனிந்து ஜன்னல் வழியாக, "சாப்பிடும், கேட்டீரா? கடையிலேயே கெடக்காதயும். பேச்சுக்கு ஆள் வேணும்னா ராத்திரி போன் போடும்" என்றார்.

போடுகிறேன் என்றேன். தினமும் போடுகிறேன். மழை பெய்ததா, வயலில் என்ன, கடையில் என்ன விற்றது, எல்லாம் பேசுகிறோம். அவளைப் பற்றிப் பேசாத நாள் இல்லை. அவர் ஒரு நாள்கூட விடாமல் அவளுக்குத் தெரியாது என்கிறார். நானும் ஆமாம் என்கிறேன். போனை வைத்த பிறகு, மாடம்பாக்கம் ரோட்டில் அவள் எப்படிச் சிரித்தாள் என்று சொல்வதற்கு எனக்கு ஒரு ஆளும் இல்லை. அதனால்தான் இதை எழுதினேன். அண்ணன் இதைப் படித்துவிடுவார் என்ற பயம் இல்லை. பார்வை மங்கிப்போய் இப்போது பேப்பர் படிப்பதையும் விட்டுவிட்டார்.